எத்தனை கிலோ தேறும்?

வீட்டுக்கு ஒரு மில்லிங் மிஷின் வாங்கப் போவதாகக் கோயம்புத்தூரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பம்பு, மோட்டார், லேத் என்று எதையாவது கடைந்து பிழைத்த ஊர் இது. கல்யாணப் பந்தியில் தெரியாத்தனமாகச் சொன்னேன். ரசம் வருவதற்குள் பந்தியே நாலு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

"எதுக்குடா வீண் செலவு? டிரில்லிங் மிஷின்லயே எண்ட் மில்லை மாட்டி ஓட்டு" என்றார் பெரியப்பா. டிரில்லிங் மிஷினில் சக் நிற்பது டேப்பரின் பிடிப்பில் மட்டும்தான். நேராகக் கீழே அழுத்தும்வரை பரம சாது. எண்ட் மில் என்கிற கட்டர் பக்கவாட்டில் தின்னத் தொடங்கினால் டேப்பர் கழன்று, சக் சுற்றிக்கொண்டே நம்மைத் தேடி வரும். மில்லிங்கிலோ மேலிருந்து ஒரு நீள போல்ட் இழுத்துப் பிடித்திருக்கும். நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மெதுவா ஓட்டு" என்றார்.

பழைய மிஷின் புரோக்கர் ஒருவர், "இரும்பு விலைதானுங்க" என்று ஒன்றைக் காட்டினார். 1938-இல் அமெரிக்காவில் வந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மிஷினே சுமார் ஒரு டன். இது அதற்கும் அண்ணன். இறக்கக் கிரேன், ஓட்ட த்ரீ ஃபேஸ், என் கார் ஷெட் கூரையைப் பிரிக்கக் கொத்தனார். இதெல்லாம் இரும்பு விலையில் சேராதாம்.

அடுத்து ஐம்பது கிலோ மேசை மிஷின். பளபளவென்று சிவப்புப் பெயின்ட். துணைக்கு வந்த ரிட்டயர்டு ஃபோர்மேன் அண்ணன் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து காந்த ஸ்டாண்டை எடுத்து டேபிளில் ஒட்டினார். டயல் கேஜின் முனையை ஸ்பிண்டிலில் தொட வைத்தார். ஹெட்டை ஒரு கையால் தள்ளினார். முள் பத்துக் கோடு ஓடியது, அதாவது 0.1 மி.மீ. கையை எடுத்ததும் ஒன்றுமறியாததுபோலத் திரும்பி வந்தது.

"என் கைக்கே இப்படி வளையுதுங்க தம்பி. கட்டருக்கு?"

"அலுமினியத்துக்குப் போதுமுங்க" என்றார் கடைக்காரர், ஸ்டாண்டையே முறைத்தபடி.

உருண்டைத் தூண் மாடலும் பார்த்தோம். கனமானது, விலையும் குறைவு. ஆனால் ஹெட்டை ஏற்றி இறக்கும்போது தூணைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிடும். பாடுபட்டு எடுத்த சென்டர் போச்சு. டிரில் பிட்டைக் கழற்றி எண்ட் மில் மாட்டும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க எனக்கு வயதில்லை.

"வாங்கி என்னங்க செய்வீங்க?" என்றாள் மனைவி.

"முதல்ல அதுக்கு வேணுங்கற கிளாம்ப், ஸ்டாப்பர் எல்லாம் செஞ்சுக்கணும்."

"வாங்காட்டி அதுவும் செய்ய வேண்டாமில்லீங்க?"

இதற்கு எந்த ஃபோர்மேனிடமும் பதில் இல்லை. ஏற்றி இறக்கினாலும் ஹெட் திரும்பாத டவ்டெயில் தூண் வைத்த, சிங்கிள் ஃபேஸில் ஓடும் நூறு கிலோ மிஷினை வாங்கினேன். வைஸ், கலெட், கட்டர், பேரலல், கிளாம்ப் செட் எல்லாம் தனி. அந்த பில் கிட்டத்தட்ட இன்னொரு மிஷின் விலை. அதை அவளிடம் தவணை முறையில் சொல்லி வருகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மோட்டார் எத்தனை ஹெச்பி என்று கேட்காதீர்கள், எத்தனை கிலோ என்று கேளுங்கள். உங்கள் வாசல் விடுகிற அளவுக்குக் கனமானதை வாங்குங்கள். கையிருப்பில் பாதியை டூலிங்குக்கு ஒதுக்குங்கள். பந்தியில் மட்டும் பேசாதீர்கள்.