கிரானைட்டும் நாற்காலி வழக்கும்

கர்த்தருக்குள் அன்பான சித்தப்பாவுக்கு,

"லண்டனில் அத்தனை பழைய கோயில்களை எப்படிப்பா இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அதே கடிதத்தில், நம் கோயிலின் பழைய கல்தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பளபளவென்று கிரானைட் போடக் கமிட்டி தீர்மானித்த சேதியும் இருந்தது. கமிட்டிச் செயலாளர் தாங்களே என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இங்கே பழைய கோயில் நிற்பதற்குப் பக்தி கொஞ்சம் காரணம், பணம் கொஞ்சம் காரணம். மிச்சத்துக்கெல்லாம், நாற்காலியை மாற்ற வேண்டுமானாலும் நீதிபதியிடம் போ என்கிற ஒரு கிறுக்குச் சட்டம்தான் காரணம். இது என் கட்சி.

ஹார்ட் தெருவில் உள்ள புனித ஓலாவ் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பென்சர்ச் தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தெரியாத்தனமாக வந்து மாட்டிக்கொண்டது போல நிற்கிறது. 1450 வாக்கில் கட்டியது. நிலவறை அதைவிடப் பழையது. 1658-இல் வைத்த வாசல் வளைவில் கல்லில் செதுக்கிய மண்டையோடுகள். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தால் அடுத்த வாரம் ஒன்றுகூட வராது. 1666-இல் லண்டன் பற்றி எரிந்தபோது, அட்மிரல் வில்லியம் பென் (பென்சில்வேனியாவை நிறுவியவரின் அப்பா) ஆட்களை விட்டுச் சுற்றியிருந்த வீடுகளை வெடிவைத்துத் தகர்த்ததாலும், காற்று திசை மாறியதாலும் தப்பித்தது. உள்ளே சர் ஆண்ட்ரூ ரிக்கார்டு என்பவருக்குச் சிலை இருக்கிறது. 1660-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர்; நம் சென்னைக் கோட்டையை ஆண்ட அதே கம்பெனிதான். கோட்டைக்குள் புனித மரியாள் கோயில் 1680-இல் பிரதிஷ்டையாகும் முன்பே, 1672-இல், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் இங்கேதான் அடக்கம். 1669-இல் மனைவி இறந்ததும் பீப்ஸ் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார். பீப்ஸ் 1703-இல் இறந்தார். அவருக்கென்று நினைவுச்சின்னம் வந்தது 1884-இல். நம் ஊரில் மின்விசிறி வாங்கிக் கொடுத்த மறுவாரமே மூன்று இறக்கையிலும் பெயர் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி அந்தச் சட்டம். இங்கிலாந்துச் சபையில் கோயிலுக்குள் எதை வைக்கவும் எடுக்கவும் திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கென்றே சான்சலர் என்று ஒரு நீதிபதி. இரண்டு பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பது பூச்சாடி, புத்தகம் போன்ற சில்லறைச் சாமான்கள். யாரையும் கேட்க வேண்டாம். இரண்டாவதற்கு ஆர்ச்டீக்கன் என்கிற மூத்த குருவின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. இரண்டிலும் அடங்காததற்கு மனுப் போட வேண்டும். உள்ளேயும் வெளியேயும் 28 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அந்தக் கோயிலின் சேகர எல்லைக்குள் குடியிருக்கிறவர், ஜெபத்துக்கே வராதவராக இருந்தாலும், ஆட்சேபம் சொல்லலாம். நாற்காலி விஷயம் இன்னும் வேடிக்கை. மெத்தை வைத்ததா, வெறும் மரமா என்று பக்கம் பக்கமாகத் தீர்ப்புகள் இருக்கின்றன. சபையின் கட்டட ஆலோசனைக் குழு மரத்தின் கட்சி. என் முதுகு மெத்தையின் கட்சி. நம் சேகரத்துக்கு இந்தச் சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐயர் மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டி கேட்டு மனுப் போடுவார். எதிர்வீட்டுக்காரர் முதலிரண்டையும் சேர்த்தே கழற்றச் சொல்வார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஆகஸ்டிலேயே அறிவிப்பு ஒட்ட வேண்டும். மின்விசிறி இறக்கையில் தாத்தாவின் பெயர் எழுத சான்சலர் ஆதாரம் கேட்பார். தாத்தாவைப் பற்றி ஊர் சொல்லும் ஆதாரங்கள் அனுமதிக்கு உதவா.

இத்தனை கிறுக்குத்தனமும் சும்மா வந்ததில்லை. 1913-இல் பழஞ்சின்னங்களைக் காக்க அரசு சட்டம் கொண்டுவந்தபோது, எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம் என்று சொல்லி சபை விலக்கு வாங்கியது. சொன்னபடி நடக்காவிட்டால் விலக்குக்கு நியாயம் இல்லை. அதனால்தான் இந்தக் கெடுபிடி. "அதே சபைதானே முன்பு கோயில்களை விற்றது?" என்று தாங்கள் மடக்கலாம். உண்மைதான். 1860-இல் வந்த சட்டத்தின் பலத்தில், நிலத்தின் விலை ஏறிய லண்டன் நகரப்பகுதியில் பல கோயில்களை இடித்து மனையை விற்றார்கள். முதல் உலகப் போருக்குப் பின் இன்னும் 19 கோயில்களை இடிக்கலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்தது. அதற்கு வழிசெய்யும் சட்டத்தை 1926-இல் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. என் கட்சிக்கு இது பலமே. கமிட்டியை மட்டும் நம்பினால் கோயில் மிஞ்சாது, வெளியே இருந்து ஒருவர் "எதற்கு?" என்று கேட்க வேண்டும். ஓலாவ் கோயில் 1941 குண்டுவீச்சில் நொறுங்கி, 1954-இல் மறுபடி திறந்ததுதானே என்பீர்கள். நொறுங்கிய பிறகும் அதே இடத்தில் பழைய உருவத்திலேயே எழுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தங்கள் வலுவான வாதம் எனக்குத் தெரியும். "உங்கள் ஊர்க் கோயில்கள் காலி, அருங்காட்சியகம் மாதிரி வைத்துக்கொள்ளலாம், இங்கே ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை." நியாயம். ஆனால் சட்டம் மாற்றாதே என்று சொல்லவில்லை. கழிப்பறை, சமையலறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2012-இல் வந்த ஒரு தீர்ப்பு கணக்கைத் தெளிவாக்கியது: பழமைக்கு வரும் சேதம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வலுவான காரணத்தைக் காட்ட வேண்டும். கிரானைட்டால் ஒரு ஆள்கூட அதிகம் உட்கார முடியாது. மழைக்காலத்தில் ஈரக்காலோடு வரும் பாட்டிமார் வழுக்கி விழ வசதி, அவ்வளவுதான். இங்கே ஆராதனை முடிந்தால் ஒரு காப்பி, இரண்டு பிஸ்கட், வானிலை பற்றி நாலு வார்த்தை. சபையே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை என்று சொன்னால் புரியவைக்கவே அரைமணி நேரம் ஆகும். மே மாத வெயிலில் நம் கோயிலின் கல்தளத்தில் பாய் இல்லாமல் உட்காரும் சுகத்துக்கு இந்த ஊரில் விலை கொடுத்தாலும் ஆள் இல்லை. அதைப் பெயர்த்துப் போட நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது?

ஆகவே என் விண்ணப்பம் இது. கோயில் வாசலில் 28 நாள் அறிவிப்பு ஒட்டுங்கள். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் கிரானைட் போடுங்கள். ஆட்சேபப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சந்தா பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறேன், ரசீது சித்தியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்