ராக்கெட்டும் ரோலர் கோஸ்டரும்

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகன் ஆங்கிலப் பாடநூலைத் தொடவே மாட்டேன் என்கிறான். ராக்கெட், ரோலர் கோஸ்டர் பற்றி என்றால் மட்டும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுகிறான். விடலாமா, தடுக்கலாமா?
– ஒரு வாசகி, பாண்டுப், மும்பை

பதில்: தடுத்துவிடாதீர்கள் அம்மா! 'கிராவிட்டி'யை அகராதியில் படித்தால் மறுநாளே மறந்துவிடும். கோபோலி இமேஜிகா கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து சரியும்போது வயிற்றால் படித்தால் ஆயுசுக்கும் மறக்காது. அந்த நொடியில் உடல் எடையற்றது போலாவதும், விண்வெளி வீரர் மிதப்பதும் ஒரே காரணத்தால்தான்: இருவரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள். வீரர் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறார், அவ்வளவுதான். இதை அவன் உங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். புரியவில்லை என்று சொல்லி இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். டியூஷன் ஃபீஸ் மிச்சம்!

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. 'லேண்டர்', 'ரோவர்' எல்லாம் டீக்கடைப் பேச்சாகின. யார் பாடம் நடத்தினார்கள்? ஆர்வம்தான்.

ஆங்கிலத்துக்காகத் தமிழைக் கைவிட்டுவிடவும் வேண்டாம். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்.

அவன் ஆர்வத்துக்குத் தீனி போட வொர்லி நேரு கோளரங்கம் 1977 முதல் இருக்கிறது. ஒருநாள் அவனை அங்கே ஆங்கிலக் காட்சிக்கு அழைத்துப் போங்கள்.