கேஷ் விமோசனம்: ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

மானிடர்க்கு நேரும் இன்னல்களுள், கண்ணெதிரே தெரிவதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு புறப்பட்டவன் அதனாலேயே வழிதவறிப்போகும் இன்னல் தனி வகையைச் சேர்ந்ததாகும். சென்ற ஞாயிற்றுக்கிழமை, அடியேன் அங்கத்துவம் வகிக்கும் ஓர் இலக்கியச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்துக்காக, அச்சங்கத்தின் இணையத்தளத்திலே இடத்தையும் நேரத்தையும் சரிபார்த்து, கம்பளையில் பஸ் ஏறி, பேராதனையைக் கடந்து, கட்டுக்கலையில் இறங்கி, வழக்கமான மண்டபத்தினுள் பிரவேசித்தபோது, அங்கே மேளதாள சகிதம் ஒரு பூப்புனித நீராட்டு விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர், "வாங்க, வாங்க! அம்மா பக்கமா, அப்பா பக்கமா?" என்று வினவினார். இலக்கியப் பக்கம் என்று நான் விடை பகர்வதற்குள் பந்தியில் அமர்த்தப்பட்டுவிட்டேன்.

பாயசம் முடிந்த பின்னர்ச் சங்கத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, இடம் மாத்தி ரெண்டு கிழமையாச்சே! கட்டுகஸ்தோட்டை வீதியிலதான் கூட்டம்னு வெப்சைட்ல அப்பவே போட்டுட்டோம். நீங்க கேஷைக் கிளியர் பண்ணல்ல போலிருக்கு" என்றார் அவர். மூன்றாண்டுச் சந்தா நிலுவையில் உள்ள ஓர் அங்கத்தவனின் செவியில் அந்த வாக்கியம் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்களாக. நாகரிகமான மனிதர், நேரே கடன் என்று சொல்லக் கூசுகிறார் என்று கருதி, மறுநாளே கண்டிக்குச் சென்று, ஆயிரத்தைந்நூறு ரூபாயைச் செலுத்தி, ரசீதும் பெற்று, வீடு திரும்பிக் கணினியைத் திறந்து நோக்கினேன். சங்கத்தின் பக்கத்தில் கட்டுக்கலை மண்டபமே வீற்றிருந்தது. நிலுவை தீர்ந்தும் நோய் தீராமையே இவ்வாராய்ச்சிக்கு நிமித்தமாயிற்று.

பெயர் விசாரணை

'கேஷ்' என்னும் ஒலி தமிழர் செவியில் இரு பொருள் தந்து மயக்குவது. பணத்தைக் குறிக்கும் சொல் பேழை, பெட்டி என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்வழி ஆங்கிலம் புகுந்தது. தென்னிந்தியச் சிறு நாணயத்தை ஐரோப்பியர் அதே ஒலியால் வழங்கியதோ நம்முடைய காசு என்னும் சொல் போர்த்துக்கேயர் வாயில் புகுந்து புறப்பட்டதன் பயன். கணினியின் கேஷோ இவ்விரண்டுக்கும் உறவன்று. ஒளித்துவைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது. ஆகவே செயலாளர் வேண்டியது ஒளித்துவைத்ததை அகற்றும்படி. யான் அகற்றியது ஒளித்துவைத்திருந்த பணத்தை. சொற்பொருளாராய்ச்சியில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் நட்டப்பட்டவர் எமக்கு முன் எவரேனும் உளரோ, அறியோம்.

இப்பொருளுக்கு ஆதியில் இப்பெயர் இல்லை. கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் மொரிஸ் வில்க்ஸ் 1965இல் இதனை விவரித்த கட்டுரையில் 'அடிமை நினைவகம்' என்ற கருத்துப்படவே பெயரிட்டார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 வரிசையில் 85ஆம் மாதிரியைப் பற்றி எழுதப்பட்டபோதுதான் கேஷ் என்னும் பெயர் நிலைபெற்றது. எஜமானன் கேட்குமுன்னே எடுத்து நீட்டும் அடிமையை விட, எஜமானனுக்கும் தெரியாமல் ஒளித்துவைக்கும் கள்வன் என்ற பெயரே பின்னாளில் பொருத்தமாயிற்று என்பது எமது துணிபு. தமிழில் இதனைப் பதுக்ககம் என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று பழகிய இந்நாட்டில், வீட்டுக்குள் பதுக்ககம் வைத்திருக்கிறேன் என்று உரக்கச் சொல்வது உசிதமன்று. ஆதலின் கேஷ் என்றே மேற்செல்வோம்.

நோய்க் காரணம்

உலாவியானது ஓர் இணையத்தளத்தை முதன்முறை தரிசிக்கும்போது, அதன் எழுத்து, படம், அலங்காரக் கோப்பு, இயக்கக் கோப்பு ஆகியவற்றை இறக்கிக் காட்டுவதோடமையாது, அவற்றுக்கு ஒவ்வொரு பிரதி எடுத்து வன்தட்டின் ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை நாம் அவ்விடம் செல்ல விழையும்போது, சேவையகம் வரை நடப்பானேன் என்று கருதித் தன் கைப்பிரதியையே விரித்துக் காட்டிவிடுகிறது. இப்பிரதியை எத்துணைக் காலம் நம்பலாம் என்பதைத் தளத்தை நடத்துவோர் விநாடிக் கணக்கில் விதிக்கலாம். 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகள் இதற்கெனவே 'கேஷ்-கன்ட்ரோல்' என்னும் தலைப்பை வகுத்தன. படங்களுக்கு 31536000 விநாடி, அதாவது முழுமையாக 365 நாள், விதித்தல் பெருவழக்கு.

விதிக்க மறந்தால் யாது கதி? இங்கேதான் சாஸ்திரம் சுவைக்கிறது. பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் முதல் கழிந்த காலத்தில் பத்திலொரு பங்கைத் தானே அனுமானித்து, அதுவரை பிரதியை நம்புவது உலாவிகளின் மரபு. எங்கள் சங்கத்தின் பக்கம் முந்நூறு நாள் எவராலும் தீண்டப்படாமற் கிடந்தது. மூன்று கிழமைக்கு முன் யான் அதனைப் பார்த்தேன். முப்பது நாள் நம்பலாம் என்று எனது உலாவி தீர்மானித்தது. இரண்டு கிழமைக்கு முன் செயலாளர் இடத்தை மாற்றினார். இன்னும் ஒன்பது நாளைக்கு என் வீட்டுக் கணினியில் மாற்றம் நிகழாது. நெடுங்காலம் ஒன்றும் செய்யாதிருப்பதே நம்பிக்கைக்குரிய தகுதி என்னும் இக்கோட்பாட்டைச் சங்கங்களின் நிர்வாக சபைத் தேர்தல்களிலும் யாம் கண்டுள்ளோம்.

இவ்வாறாயின் கேஷையே ஒழித்துவிடலாகாதோ எனின், ஆகாது. மலைநாட்டிலே மழை இறங்கிவிட்டால் இணைப்பு ஒவ்வொரு படத்தையும் அங்குலம் அங்குலமாக இழுத்து வருவதை அறிந்தோர், சங்கத்தின் இலச்சினையை நாள்தோறும் கடல்கடந்து வரவழைக்க இசையார். டேட்டாவுக்குக் கொடுக்கும் பணமும் ஒன்றுண்டு. ஒளிந்த கேஷ் ஒழிந்தால் கையிலுள்ள கேஷும் ஒழியும் என்பதே இதன் சாரம். மேலும், தவணை தீர்ந்த பிரதியை உலாவி கண்மூடித்தனமாக வீசிவிடுவதுமில்லை. 'இன்ன நாளுக்குப் பின் இதில் மாற்றம் உண்டோ?' என்று சேவையகத்தை வினவுகிறது. இல்லையெனில் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாகப் பெற்று, பழைய பிரதிக்கே புதுத்தவணை கொடுக்கிறது. பிரதி வைத்திருத்தல் குற்றமன்று, கேளாதிருத்தலே குற்றம்.

ஸ்தல புராணம்

இவ்வுண்மையை விளக்கக் கண்டியினும் சிறந்த நகரம் கிடையாது. முதலில் அதன் பெயரை நோக்குக. மலைமேலுள்ள நாடு என்னும் பொருளில் சிங்களவர் 'கந்த உட ரட்ட' என்று வழங்கியதைப் போர்த்துக்கேயர் பாதியிலே அறுத்துப் பிரதி எடுத்துக்கொண்டனர்; ஆங்கிலேயர் அப்பிரதிக்குப் பிரதி எடுத்தனர்; உள்ளூர்ச் சிங்களவர் மஹநுவர என்றே சொல்லிக்கொண்டிருக்க, நூற்றாண்டுகள் கழிந்தும் பிரதி புதுப்பிக்கப்பட்டிலது. கணினித் துறையில் கடினமான காரியங்கள் இரண்டே, அவை கேஷை உரிய வேளையில் செல்லாததாக்குவதும் பொருள்களுக்குப் பெயரிடுவதும் என்று ஃபில் கார்ல்டன் கூறியதாக ஒரு வழக்குண்டு. இரண்டும் ஒருங்கே பிழைத்த இடத்தில் ஒரு மாநகரம் செழித்திருப்பதை அவர் கண்டாரில்லை போலும்.

அடுத்தது அரசியல். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி, நாயக்க வமிசத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். இரண்டாண்டு கழித்து ஊவாவில் கலகம் மூண்டபோது, துறவாடை களைந்த வில்பாவே என்பவன், தானே நாயக்க அரசகுலத்துத் துரைசாமி என்று வெளிப்பட, மக்களும் பிரதானிகளும் அவனை ஏற்றனர். மூலம் கடலுக்கப்பால் வேலூரில் கிடக்க, சரிபார்க்க வழியில்லாத இடத்தில் கைக்கெட்டிய பிரதியே அரசனாவது இயல்பு.

மூன்றாவது காலம். மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கின. 2006 ஏப்ரலில் எஞ்சிய அரைமணியும் பின்வாங்கப் பழைய நிலை மீண்டது. எமது தந்தையார் இந்தப் பத்தாண்டும் சுவர்க்கடிகாரத்தைத் தீண்டினாரில்லை. விருந்தினர் கேட்டால் மனத்துள் கூட்டிச் சொல்வார். 2006இல் நாடே அவருடைய கடிகாரத்தோடு வந்து சேர்ந்தது. பழைய பிரதியை நீக்காதிருந்தே வெற்றிபெற்ற ஒரே மனிதராக அவரைப் பதிவு செய்கிறோம். விதிவிலக்கை விதியாகக் கொள்ளற்க.

சிகிச்சைப் படலம்

சிகிச்சை மூவகைப்படும். முதலாவது, பக்கத்தை மீள ஏற்றும் சாதாரண சாந்தி. வட்டமாக வளைந்த அம்பை அழுத்தலே இதன் கிரியை. பெரும்பாலும் இதுவே போதும். சில வேளை அலங்காரக் கோப்புகள் அசைவதில்லை. இரண்டாவது, கன்ட்ரோல், எஃப்5 ஆகிய இரு விசைகளையும் ஒருங்கே அழுத்தும் உக்கிர சாந்தி. கைப்பிரதியைப் புறக்கணித்து மூலத்தைக் கொணர்க என்பது இதன் மந்திரார்த்தம். மூன்றாவது கழிவு முறை: கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி விரியும், அதில் கேஷ் செய்த படங்களும் கோப்புகளும் என்னும் வரியை மட்டும் தெரிவு செய்க. குக்கீ, கடவுச்சொல் ஆகியவற்றையும் ஆர்வ மிகுதியால் தெரிவு செய்தவர், மறுநாள் தம்முடைய சொந்த மின்னஞ்சல் வாசலிலேயே அந்நியராக நிற்க நேரும்.

நோய் நம்முடையதோ தளத்தினுடையதோ என்று ஐயுறின், உலாவியின் மறைவுச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து நாடி பார்க்கலாம்; அங்கே புதியது தெரிந்தால் நோய் நம்முடையதே. தளம் சமைப்போர் கையாளும் தந்திரமும் ஒன்றுண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னே ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டால் உலாவி அதனை வேற்றுக் கோப்பென்று மயங்கிப் புதிதாக இறக்குகிறது. எண்சோதிடர் சொற்படி பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி விதியை ஏமாற்ற முயல்வோர்க்குக் கிட்டாத பலன், இவ்வளவு எளிதாக ஒரு படத்துக்குக் கிட்டுகிறது.

முடிபு

மூன்றாவது சிகிச்சையைச் செய்த கணமே கட்டுக்கலை மறைந்து கட்டுகஸ்தோட்டை வீதி தோன்றிற்று. யந்திரம் தன் பிழையைத் திருத்திக்கொள்ள எடுத்த காலம் நான்கு விநாடி. இந்த வெற்றியைச் செயலாளருக்கு அறிவிக்கும் பொருட்டு, அவர் தந்த ரசீதை எடுத்து அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தேடியபோதுதான், அதன் தலைப்பில் அச்சிட்டிருந்த விலாசத்தைக் கவனித்தேன்: சங்கக் காரியாலயம், கட்டுக்கலை, கண்டி.

"ஐயா, அது பழைய ரசீதுப் புத்தகம். நூறு தாள் அடிச்சது. உங்களது முப்பத்தேழாவது, இன்னும் அறுபத்து மூணு இருக்கு. அதுக்குள்ள புதுசு அடிச்சா வீண் செலவுதானே? முடியட்டும், பார்ப்போம்" என்றார் செயலாளர்.

எமது சங்கத்தில் சந்தா வசூலாகும் வேகத்தை யான் அறிவேன். அறுபத்து மூன்று தாளை விநாடிக் கணக்கில் மாற்ற எந்தச் சாஸ்திரமும் இதுவரை எழுதப்படவில்லை.