மூன்று முறை திருகிய சாவி

"ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன் சார்!"

இதைச் சொல்லும்போது வேளச்சேரிக்காரர் ஒருவரின் முகத்தில், வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரத்தைக் கையில் வாங்கியவரின் நிம்மதி தெரியும். அவரை நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை கண்டுபிடிக்கும் நம்மவர், கார் பாலிசியில் பிரீமியத் தொகை தவிர வேறொரு வரியும் படித்ததில்லை. படித்திருந்தால், 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற சொல்லே அதில் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

அந்தக் காகிதத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு சமாச்சாரம். ஒன்று 'தேர்டு பார்ட்டி', அதாவது நம் வண்டியால் ஊராருக்கு வரும் கேடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதை மட்டும்தான். இது இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. இரண்டாவது 'ஓன் டேமேஜ்', நம் வண்டிக்கு வரும் கேடு. இதை எடுப்பதும் விடுவதும் நம் இஷ்டம். இரண்டையும் சேர்த்து வாங்கியவர் அதற்கு 'ஃபுல்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்.

இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கிறவர்கள் 'பம்பர் டு பம்பர்' என்பார்கள். இந்தச் சொல் நீதிமன்றத்தையே ஒருமுறை அலைக்கழித்தது. 2021 ஆகஸ்டில், புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எண்ணம். காப்பீட்டுக்காரர்கள் அகராதியிலோ அதற்குப் பொருள், உதிரி பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கே இந்தக் கதி என்றால், நம்மவரை மட்டும் கோபித்து என்ன பயன்?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. அடுக்ககத்தின் கீழே நின்ற நாலரை வயது காருக்குள் தண்ணீர் சீட்டு வரை ஏறியது. மாடியிலிருந்து பார்த்த நம்மவர் பதறவில்லை. பாலிசியை எடுத்து முதன்முறையாகப் படித்தார். தீ, திருட்டு, மின்னல், நிலநடுக்கம், கலவரம், புயல், வெள்ளம், நிலச்சரிவு என்று பட்டியல் நீண்டது. சாலை, ரயில், லிஃப்ட், எலிவேட்டர், விமானம் எதில் ஏற்றிச் செல்லும்போது அடிபட்டாலும் பணம் உண்டு என்றிருந்தது. லிஃப்டுக்கும் எலிவேட்டருக்கும் என்ன வித்தியாசம் என்பது எழுதியவருக்கே வெளிச்சம். 'வெள்ளம்' என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர் பாலிசியை மூடிவிட்டார். விலக்குகள் அடுத்த பக்கத்தில் இருந்தன.

தண்ணீர் வடிந்த அன்று காலை, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றார் மனைவி, பால்கனியிலிருந்து.

"ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கறேன், அவ்வளவுதான்."

சாவியைத் திருகினார். 'க்ளக்'. இன்னொரு முறை. 'க்ளக்'. மூன்றாம் முறை கொஞ்சம் அழுத்தமாகத் திருகினார். 'கடக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வண்டி எந்தச் சத்தமும் போடவில்லை.

ஒர்க் ஷாப்பில் வரிசையாக நின்ற சேற்று வண்டிகளுக்கு நடுவே சர்வேயர் வந்தார். முதல் கேள்வி: "தண்ணி ஏறினப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"மூணு தடவை பாத்தேன் சார். நான் சும்மா விடல" என்றார் நம்மவர், நல்ல பிள்ளையாக.

சர்வேயர் எதையோ குறித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். ஏர் ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தது. பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருகியதும் பிஸ்டன் மேலே வரப் பார்த்தது, தண்ணீர் வழிவிடவில்லை, நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைந்தது. ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வாதம் எளிமையானது: வண்டிக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது வெள்ளம், ராடை வளைத்தது நீங்கள். இதைப் பின்விளைவு இழப்பு என்று சொல்லி சாதாரண பாலிசியில் ஒதுக்கிவிடுவார்கள். அதற்கென்று 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற தனிச் சேர்க்கை உண்டு. அதை வாங்கச் சொல்லி ஏஜென்ட் கேட்டபோது, "நான் என்ன காரைக் கடல்லயா ஓட்டப் போறேன்?" என்று சிரித்தவர் நம்மவர்.

எஞ்சின் போக மிச்சத்துக்குப் பணம் வந்தது. வந்தது என்றால், கழித்துக்கொண்டு வந்தது. நம்மவரிடம் பம்பர் டு பம்பர் இல்லை. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எதை மாற்றினாலும் பாதிதான். நாலு வயது தாண்டிய வண்டியின் உலோக பாகத்துக்கு 35 சதவீதம் போயிற்று. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது, ஆனால் வெள்ளம் கண்ணாடியை மட்டும் விட்டுவைத்திருந்தது! ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட்டெல்லாம் அவர் தலையில். கடைசியில் கட்டாயப் பிடித்தமாக 1,000 ரூபாய்.

இதைக் கேட்டுச் சிரித்த மச்சினனின் கதை வேறு. பில்லரில் உரசிய பம்பரை மாற்ற 8,000 ரூபாய். தேய்மானமும் பிடித்தமும் போக 3,000 வாங்கினார். மறுவருடம் புதுப்பிக்கும்போது, ஐந்து வருடம் க்ளெய்மே கேட்காமல் சேர்த்திருந்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் காற்றில் போயிருந்தது. 5,000 ரூபாயில் முடிய வேண்டிய ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ஆனது. மூவாயிரத்தை வாங்கி ஐயாயிரத்தைக் கட்டியவருக்குச் சிரிக்க என்ன தகுதி என்று அக்காவே கேட்டுவிட்டார்.

அதே மச்சினன்தான் அடுத்து ஒரு பழைய கார் வாங்கி, "போனஸோட வந்திருக்கு மாமா" என்று நெஞ்சு நிமிர்த்தினார். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். விற்றவர் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போயாயிற்று. பதினாலு நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அந்த ஓன் போர்டு காரைத் தெரிந்தவர் ஒருவருக்குத் திருப்பதி போக வாடகைக்கு விடவும் இருந்தார். வாடகை ஓட்டத்தில் இடித்தால் சொந்த உபயோகப் பாலிசி கைகழுவிவிடும் என்று நம்மவர்தான் தடுத்தார். விலக்குப் பக்கம் இப்போது அவருக்கு மனப்பாடம். குடித்துவிட்டு ஓட்டினால் கிடையாது, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கிடையாது, வண்டி தானாகப் பழுதானால் கிடையாது, டயர் மட்டும் வெடித்தால் கிடையாது. விருந்தாளிகளுக்குக் காப்பி வரும்முன் இது வந்துவிடும்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரியில் பலரும் செய்ததைப் போல நம்மவரும் காரை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சின் புரொடெக்டும் இந்த முறை போட்டாகிவிட்டது. அதிலும் விலக்குப் பக்கம் ஒன்று உண்டு, அதையும் படித்துவிட்டார்.

கார்ச் சாவி மட்டும் அன்று அவரிடம் இல்லை. மழை விடும் வரை அது மனைவியின் பீரோவில் இருந்தது.