வேடிக்கை பார்ப்பவர்களா நாம்?

எண்பதுகளில் கல்லூரியில் உளவியலைத் துணைப்பாடமாகப் படித்தவர்களுக்கு கிட்டி ஜெனோவீஸ் என்ற பெயர் மறந்திருக்காது. பாடப்புத்தகத்தில் அவளுக்கு இரண்டே பத்திதான். 1964 மார்ச் 13, விடிய இன்னும் நேரமிருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய அந்த 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். அரை மணி நேரத்துக்கும் மேல் நடந்த கொலையை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீசுக்குப் போன் செய்யவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வெளியிட்ட செய்தி அது. எங்கள் பேராசிரியர் அதைச் சொல்லி முடித்துவிட்டு, "இதுதாம்ப்பா பட்டணம்" என்றார். கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்திருந்த எங்களுக்கு அன்று இரவு விடுதியில் வேறு பேச்சே இல்லை.

ஆனால், நாங்கள் வளர்ந்த ஊரில் பார்த்திருந்தது வேறு. நெடுஞ்சாலையில் லாரி மோதிய சத்தம் கேட்டால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் காயத்தில் கட்டுவார். இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். ஆம்புலன்ஸ் என்று ஒன்று அந்தப் பக்கம் வந்ததில்லை. போகிற வேனையோ டெம்போவையோ மறித்துத்தான் ஏற்ற வேண்டும். தயக்கம் தொடங்குவது அங்கேதான். "தொடாதீங்கப்பா, போலீஸ் வரட்டும்" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொல்வார். அடிபட்டவர் மீது அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பட்டு அறிந்தவர் அவர்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். ரோட்டோரம் ரத்தம் வழியக் கிடந்த ஒருவரை டெம்போவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீதான் இடிச்சியா?" பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அதன்பின் கோர்ட்டில் சாட்சி. வாய்தா விழுந்துகொண்டே போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. "இனிமே ரோட்டுல எவன் கெடந்தாலும் பாக்காம வந்துடுங்க" என்று அவர் மனைவி வாசலில் நின்று அழுததைக் கேட்டிருக்கிறேன். அந்நாளில் பல தனியார் மருத்துவமனைகள் 'போலீஸ் கேஸ்' என்றாலே கை வைக்காது. சட்டச் சடங்குகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சிற்றூர் மருத்துவமனைகளின் வாசலை எட்ட வெகுகாலம் பிடித்தது.

கிட்டியின் கதையைக் கேட்டுவிட்டு அமெரிக்காவில் இரண்டு இளம் உளவியலாளர்கள் சோதனையில் இறங்கினார்கள்: ஜான் டார்லி, பிப் லாட்டனே. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியே பேசவைத்தார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் திணறும். அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து உதவி தேடியவர்கள் எத்தனை பேர்? கேட்டுக்கொண்டிருப்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம். தன்னோடு இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம். 1968-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கப் பரவியது. கூட்டம் கூடக் கூடப் பொறுப்பு பங்கு பிரிந்துபோகிறது என்பதுதான் நாங்கள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை.

அந்த ஆய்வறிக்கையிலேயே இருந்த ஒன்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்களின் அறைக்குள் ஆய்வாளர் போனபோது, பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று அவர்களே கேட்டார்கள். போகவா, இருக்கவா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் அவர்கள். இந்த ஒரு வரியையும் சொல்லியிருந்தால் ஒரு தலைமுறை மாணவர்கள் மனிதர்களைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருப்போம்.

அந்த 38 பேர் கதையும் நிற்கவில்லை. 2007-ல் பிரிட்டனின் ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் மூவரும் வழக்கு ஆவணங்களைத் துருவிப் பார்த்தார்கள். 38 பேர் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பலருக்குக் கேட்டது இருட்டில் ஒரு அலறல் மட்டும். முதல் தாக்குதலின்போது ஒருவர் ஜன்னலைத் திறந்து சத்தம் போட, கொலைகாரன் விலகி ஓடியிருக்கிறான். திரும்பி வந்து அவன் மறுபடி தாக்கியது கட்டடத்தின் பின்பக்க வாசலுக்குள், பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில். அண்டைவீட்டுப் பெண் சோஃபியா ஃபாரர் தகவல் தெரிந்ததும் தனியாக ஓடிவந்து, கொலைகாரன் அங்கேயே இருக்கிறானா என்பதுகூடத் தெரியாமல், கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டார். அவசரத்துக்கு அழைக்க 911 என்ற எண்ணே அமெரிக்காவில் 1968-ல்தான் வந்தது. 2016-ல், கொலைகாரன் சிறையில் இறந்த செய்தியை வெளியிட்டபோது, தன் பழைய செய்தி பிழையானது என்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழே எழுதியது.

இப்போது சோதனைச்சாலையைத் தாண்டித் தெருவையே பார்க்க முடிகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஒரு குழு ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பது சண்டைகளில், அங்கிருந்தவர்களில் ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருக்கிறார். கூட்டம் பெரிதாக இருந்த இடத்தில் உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. ஒவ்வொருவரும் தனித்தனியே தயங்கலாம். பத்துப் பேர் இருந்தால் அதில் தயங்காத ஒருவர் இருப்பார்.

நம் சாலைகளும் மாறியிருக்கின்றன. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு ஏறியது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. மாநில எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அந்தக் கொத்தனாருக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை.

அண்மையில் திண்டிவனம் தாண்டிய ஒரு வளைவில் பைக் சறுக்கி ஓர் இளைஞன் விழுந்து கிடந்தான். சுற்றி நின்றவர்களில் சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் 'மனிதம் செத்துவிட்டது' என்று எழுதியிருப்பார்கள். ஓரமாகக் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையை விட்டுவிட்டு வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார். "செவப்புச் சட்டை போட்ட தம்பி, ஒன்னத்தாம்ப்பா, நூத்தியெட்டுக்குப் போடு. அண்ணே, நீங்க அந்த வளைவுல நின்னு வண்டிங்கள மெதுவா அனுப்புங்க. யாரும் தண்ணி குடுக்காதீங்க, தலைய அசைக்காதீங்க." படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்தான் அந்தச் சிவப்புச் சட்டை. அதே போனில் உடனே 108-ஐ அழைத்தான். பொதுவாக "யாராச்சும் வாங்க" என்று கத்தினால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி ஒரு வேலையைச் சொன்னால் அந்த வேலை அவருடையதாகிவிடுகிறது. டார்லியும் லாட்டனேயும் கண்டறிந்த தயக்கத்துக்கு மருந்து இதுதான்.

உளவியல் நமக்குச் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். நம் ஆட்களின் கைகளைக் கட்டிப்போட்டது கல்நெஞ்சம் இல்லை. போலீஸ் பயமும், கோர்ட் அலைச்சலும், யார் முதலில் போவது என்ற குழப்பமும்தான். பயத்தைச் சட்டம் பெருமளவு நீக்கியிருக்கிறது. குழப்பத்தை நீக்க ஒரே ஒரு குரல் போதும். அடுத்த முறை சாலையில் கூட்டத்தைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டி இறங்குங்கள். ஒருவரைக் கைகாட்டி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இன்னொருவரைக் கைகாட்டி வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.