பொத்தானை நம்பிக் கடலுக்குப் போற மவராசனுக்கு

வாலே மக்கா, உக்காரு. பதினாறு அடி ஃபைபர் படகு வாங்கிருக்கியாமே? நல்லாருக்கு. பாட்டுக் கேக்க நாலு ஸ்பீக்கர், டம்ளர் வைக்கத் தனிக் குழி, ராத்திரியில தண்ணிக்கடியில நீல வெளிச்சம். மீனெல்லாம் வந்து ஆடிட்டுப் போகணும்னு நேர்த்திக்கடனா?

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். தரைப் பலகையத் தூக்கி அடியில என்ன கெடக்குன்னு பாத்தியா? பாக்கலயா? “அடியில தேங்குத தண்ணிய இறைக்கத்தான் பில்ஜ் பம்ப் இருக்கே தாத்தா, ஆட்டோமேட்டிக்”ங்க. ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா ஆண்டவன் குடுத்த கண்ணைக் கடையிலயே திருப்பிக் குடுத்துரணுமோ?

எங்க தூத்துக்குடி தோணியெல்லாம் மரம். பலகை இடுக்கக் கலப்பத்து அடிச்சு அடைச்சாலும் கசியத்தான் செய்யும். ஆளுங்க மாறி மாறி இறைப்பாங்க. இறைக்கிறவனுக்குக் கணக்குத் தெரியும். நேத்து இத்தனை வாளி, இன்னைக்கு இத்தனை வாளி. கூடிச்சுன்னா உடனே தோணிய நடத்துத தண்டல் காதுக்குப் போயிரும். ஒன் பம்பு நல்லா இறைக்கும் மக்கா, ஆனா வாயத் தொறக்காது. நேத்து அஞ்சு நிமிஷம் ஓடினது இன்னைக்கு அரைமணி ஓடினாலும் ஒனக்குத் தெரியவா போகுது? நீ பாட்டுல மெய்மறந்து கெடப்ப.

அந்தப் பம்பு என்னன்னாவது தெரியுமாலே? உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா. 12 வோல்ட் மோட்டார், அடியில ஒரு சல்லடை, உள்ள சுத்துற சின்ன விசிறி. தண்ணி விசிறியத் தொட்டாத்தான் தூக்கி வெளிய தள்ளும். தள்ளி நின்னு உறிஞ்சுற சாமர்த்தியம் அதுக்கு இல்ல. அதான் ஆகப் பள்ளமான இடத்துல, அநேகமா படகோட பின்பக்கம், அமரத்துல, வைக்கான். பக்கத்துல ஒரு மிதவை சுவிட்சு. தண்ணி ஏறினா அது எந்திரிக்கும், மோட்டார் ஓடும். தண்ணி எறங்கினா படுத்துக்கிடும். இவ்வளவுதான் வித்தை.

பெட்டியில 500 கேலன்னு போட்டிருக்கான். அமெரிக்க கேலன் கணக்குல மணிக்குச் சுமார் 1,900 லிட்டர். கல்யாணத் தரகர் சொல்லுத மாப்பிள்ளைச் சம்பளம் மாதிரிதான் இந்தக் கணக்கும். குழாயில்லாம, மேல ஏத்தாம, பேட்டரி முழு தெம்போட இருக்கையில வர்ற அளவு அது. தண்ணிய ஒரு மீட்டர் உசரம் ஏத்தி, நெளிநெளியான குழாய்ல வளைச்சு வெளிய தள்ளிப் பாரு. பாதி தேறினாலே புண்ணியம். உள்பக்கம் வழுவழுன்னு இருக்கிற குழாயப் போடு, வளைவக் கொறை. ஒரு ஸ்பீக்கரக் கொறச்சாலே அந்தக் காசு ஆயிரும்.

இன்னொரு கணக்கும் கேட்டுக்க. தண்ணி மட்டத்துக்கு ஒரு அடி கீழ ஒரு அங்குல ஓட்டை விழுந்தா மணிக்கு 2,500 லிட்டருக்குக் கொறையாம உள்ள வரும். இப்பச் சொல்லு, யார் ஜெயிப்பா? மழைத்தண்ணி, அலைச் சாரல், சின்னக் கசிவு, இதுகளத் தள்ளத்தான் அந்தப் பம்பு. உள்ள 200 லிட்டர் நின்னா 200 கிலோ. ஆளுன்னா சொன்ன எடத்துல உக்காருவான். தண்ணி உக்காருமா? படகு எந்தப் பக்கம் சாஞ்சுதோ அந்தப் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும்.

அதனால தண்ணியப் பாத்தா மொதல்ல அது யாரு எவருன்னு விசாரி. மூக்கக் கொண்டுபோ. பெட்ரோல் வாடை அடிச்சா ஒரு சுவிட்சையும் தொடாத, பீடியும் பத்தவைக்காத. எல்லாரையும் எறக்கிக் காத்தோட்டமா விட்டு, மெக்கானிக்கக் கூப்பிடு. எண்ணெய் மெதந்தா துணியால ஒத்தி எடு, பம்பப் போட்டுக் கடல்ல விடாத. வாடை இல்லன்னா ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரு. உப்புக் கரிக்கலன்னா மழைத்தண்ணி. கரிச்சா சாரலோ கசிவோ. படகு சும்மா கட்டிக் கெடக்கையிலயே உப்புத்தண்ணி ஏறினா கசிவுதான். அமரத்துல தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு ஒரு அடைப்பு உண்டுல்லா? மொதல்ல அதப் பாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மறக்காம எடுத்து வைக்கிற மவராசன்க மறக்கிறது அந்த அடைப்பைத்தான்.

பம்பு ஓடலயா? உடனே போன எடுத்துப் புதுசுக்கு ஆர்டர் போடாத. சத்தமே இல்லன்னா பேட்டரியப் பாரு, ஃபியூஸப் பாரு. அப்புறம் ஒயர் சேருத முடிச்சப் பிரி. உப்புக்காத்துல பச்சை பூத்துக் கெடக்கும். நோய் முக்காவாசி அங்கனதான். வெட்டித் தள்ளி, ஈயம் பூசின ஒயரால புதுசா இணைச்சு, தண்ணி புகாம மூடு. அதுக்கும் ஓடலன்னா ஃபியூஸ் மாட்டின ஒயர் வச்சு பம்ப நேரா பேட்டரியில குடுத்துப் பாரு. ஓடிச்சா, பம்பு நல்லவன், சுவிட்சுதான் கள்ளன்.

“ர்ர்”ருன்னு சத்தம் வருது, தண்ணி வரலயா? சல்லடையக் கழட்டு. முடி, நூல், மிட்டாய்க் காகிதம் எல்லாம் விசிறியச் சுத்திக் கெடக்கும். ஃபியூஸ எடுத்துட்டுக் கைய விடு, விரல் முக்கியம். அடைப்பு இல்லன்னா குழாய்ல காத்து நிக்கும். குழாய் தொங்கிக் கெடந்தா அங்கன தண்ணி தேங்கிக் காத்த மறிக்கும். ஒரே ஏத்தமா மேல கொண்டு போ.

நிக்காம ஓடுதா? மிதவை அடியில குப்பை சிக்கிருக்கும். ஓடி நின்னு, ஓடி நின்னு படுத்துதா? குழாய்ல மிஞ்சின தண்ணி திரும்ப எறங்கி மிதவையத் தூக்குது. அதுக்கு ஒருவழி வால்வு மாட்டச் சொல்லுவான். மாட்டாத, அது ஒருநா அடைச்சுக்கிட்டா பம்பே வீண். வெளிய விடுத வாய், பாரம் ஏறினாலும் தண்ணி மட்டத்துக்கு மேலயே நிக்கணும். இல்லன்னா கடலே அந்த வழியாத் திரும்பி உள்ள வரும்.

படகக் கட்டிட்டு மெயின் சுவிட்ச அணைச்சிட்டுப் போற. ராத்திரி மழை அடிச்சா யாரு இறைப்பா? மிதவை சுவிட்சுக்கு மட்டும் பேட்டரியில இருந்து நேரா ஒயர், அதுல ஒரு ஃபியூஸ். விசிறி சிக்கி மோட்டார் சூடேறினா தீப்பிடிக்காமக் காப்பாத்துறது அந்த ஃபியூஸ்தான். பம்பு ஓடையில எரியுத மாதிரி ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்ன விளக்கும் போடு. நீல வெளிச்சத்த விட அது ஒனக்குச் சோறு போடும்.

கடலுக்கு எறங்குமுன்ன ஒரு வாளித் தண்ணிய அடியில ஊத்து. மிதவை எந்திரிக்கா, பம்பு ஓடுதா, தண்ணி வெளிய விழுதான்னு மூணையும் கண்ணால பாரு. அப்புறம் அந்த வாளியக் கரையில போட்டுட்டுப் போயிராத மக்கா, படகுலயே வையி. அதுக்குப் பேட்டரி வேண்டாம்.