ஊதா விளக்கின் சந்தாதாரர்

இசைநூலகர் என்பவர் பாட்டு ரசிகர்களில் ஒரு தனி வகை. பாட்டைக் கேட்கும் நேரத்தைவிட அதை அடுக்கி வைக்கும் நேரம் மிகுந்திருப்பது இவருடைய முதல் அடையாளம். பெரும்பாலும் ஆண், நாற்பத்தைந்தைத் தாண்டியவர், வீட்டுக் கடன் முடியும் தறுவாயில் இருப்பவர். சென்னைவாசி என்றால் சனிக்கிழமை மாலைகளில் ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க் விலை விசாரித்தபடி நிற்பார். வீட்டில் இவருக்கென்று ஒரு மூலை உண்டு. அங்கே இரவும் பகலும் கண்சிமிட்டும் ஒரு சின்னக் கணினி, அதில் சொருகிய நான்கு டெராபைட் வட்டு, அதற்கு நகலாக இன்னொரு வட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் நின்றுவிடும், நூலகம் நிற்காது.

இந்த வகை ஒரே நாளில் உருவாவதில்லை. 1980-களில் இவர் ரெக்கார்டிங் கடையில் நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியவர். கேட்ட பாட்டு இல்லையென்றால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்த்துவிடுவார். பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டு சரணத்தோடு அறுந்து போகும். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தேய்த்தார்கள். இவர் மட்டும் கேசட் அட்டையில் படம், பாடியவர், இசை என்று மூன்று வண்ணப் பேனாவால் எழுதி வரிசை எண் போட்டார். நோயின் ஆரம்ப அறிகுறி அதுதான்.

அடுத்தது பர்மா பஜார் பருவம். 700 மெகாபைட் வட்டில் 128 கிலோபிட் எம்பி3-ஆக நூற்றைம்பது பாட்டு அடங்கும் என்பது அன்று பேரதிசயம். அசல் சிடியில் ஒரு நொடி இசைக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது. எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிகிறது என்ற செய்தி இவர் காதில் விழும்வரை அந்த ஆனந்தம் நீடித்தது. விழுந்த அன்றே தூக்கம் போயிற்று. 2001-இல் வெளிவந்த ஃப்ளாக் என்ற வடிவம் எதையும் எறியாமலே கோப்பைப் பாதியளவுக்குச் சுருக்கும் என்று அறிந்ததும், இருந்த எம்பி3-களை அழித்துவிட்டு, மூர் மார்க்கெட் முதல் அமெரிக்க உறவினர் பெட்டி வரை தேடி அசல் சிடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார்.

ஏற்றி முடித்தபோதுதான் பெயர்ச் சிக்கல் தலைகாட்டியது. ஆங்கில எழுத்தில் இளையராஜாவின் பெயரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அச்சிட்டிருந்தது. ஓரிடத்தில் ஒரு ‘எல்’, இன்னோரிடத்தில் இரண்டு. ஓரிடத்தில் ‘ஒய்’, இன்னோரிடத்தில் ‘ஐ’. ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பதில் கருத்தொற்றுமையே இல்லை. கணினிக்கு இவர்கள் ஐந்தாறு வெவ்வேறு இசையமைப்பாளர்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் அதே கதி; முன்னெழுத்துக்குப் பின் புள்ளி விட்டால் ஒருவர், விடாவிட்டால் வேறொருவர். இந்தக் கூட்டத்தை ஒரே ஆளாக்கும் பணியில் இசைநூலகரின் விடுமுறைகள் கரைகின்றன. தீபாவளிக்குக் குடும்பம் ஊருக்குப் போகும்; இவர் புள்ளிகளை நீக்கிக்கொண்டிருப்பார்.

காசு கொடுத்து வாங்கும் இசைநூலக மென்பொருள் இவர் வாழ்க்கையில் நுழைவது இந்தக் கட்டத்தில்தான். இதில் பேர்போனது ரூன். 2015-இல் வந்தது, இதைச் செய்தவர்கள் அதற்கு முன் சூலூஸ் என்ற இசைச் சேமிப்புக் கருவியை உருவாக்கி மெரிடியன் ஆடியோ நிறுவனத்துக்கு விற்றவர்கள். 2024 வாக்கில் ரூனின் ஆண்டுச் சந்தா 149.88 டாலர், ஆயுள் சந்தா 829.99 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு சுமார் 12,740 ரூபாய், ஆயுளுக்கு 70,500 ரூபாய்க்குச் சற்று மேல். இந்தப் பணத்தில் ஒரு பாட்டுகூட வராது. பாட்டு இவருடையது, கணினி இவருடையது, ஸ்பீக்கர் இவருடையது. மென்பொருள் அவற்றை அறிமுகம் செய்து வைக்கும், அவ்வளவே.

ஆயுள் சந்தாவை ஆண்டுச் சந்தாவால் வகுத்தால் ஐந்தரை வருகிறது. ஐந்தரை ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தால் லாபம் என்று பொருள். இந்த இடத்தில் இசைநூலகர் தன் சர்க்கரை ரிப்போர்ட்டை ஒரு முறை எடுத்துப் பார்ப்பார். பிறகு, ஆயுள் என்பது தன்னுடையதா, நிறுவனத்தினுடையதா என்று யோசிப்பார். 2023 நவம்பரில் சாம்சங்கின் கிளையான ஹார்மன் ரூனை வாங்கியபோது அந்த யோசனையிலேயே ஒரு வாரம் போயிற்று. அது தனக்கு நல்லதா கெட்டதா என்று வீட்டில் விவாதிக்க முயன்று, ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார்.

மென்பொருள் செய்கிற வேலையைக் குறை சொல்ல முடியாது. பாட்டுகள் இருக்கும் கணினி ஓரிடத்தில், ஒலிக்கும் கருவி வேறிடத்தில், ஆட்டுவிக்கும் கைப்பேசி மூன்றாம் இடத்தில் என்று பிரித்து வைக்கும். ஹாலில் பாதியில் விட்ட பாட்டைப் படுக்கையறையில் தொடரலாம். இதைவிடப் பெரியது அதன் தொடர்பு வலை. மைல்ஸ் டேவிஸின் 1959 இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் புளூ’வைத் திறந்தால், பியானோ வாசித்த பில் எவன்ஸின் பெயரைத் தொட்டு அவர் தனியே வெளியிட்டவற்றுக்குப் போகலாம், பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸைத் தொட்டு வேறு பத்துத் தட்டுகளுக்குப் போகலாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபடி கேட்ட சுகம் திரையில் திரும்பக் கிடைக்கிறது. சந்தாவின் பெரும்பகுதி இதற்குத்தான்.

இங்கேதான் தமிழ் இசைநூலகருக்குப் பொறி. 1980-களின் திரையிசைத் தட்டுகளிலும் கேசட்டுகளிலும் வாத்தியக்காரர் பெயர் அச்சானதே அரிது. அந்தப் புல்லாங்குழல் யாருடையது, அந்தப் பேஸ் கிடாரை வாசித்தவர் யார் என்பது ரசிகர்களின் வாய்வழிச் செய்தியாகவே உலவியது. அச்சில் இல்லாததை மென்பொருள் எங்கிருந்து எடுத்துத் தரும்? கர்நாடக சங்கீதத்தில் நிலைமை இன்னும் மோசம். சிம்பொனிக்கு எத்தனை பகுதி என்று மென்பொருளுக்குத் தெரியும். ராகத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. தியாகராஜரும் தீட்சிதரும் எழுத்துக் கூட்டலுக்கு ஏற்ப மூன்று நான்கு பேராக நிற்பார்கள். எனவே கல்யாணி, தோடி, மிஸ்ர சாபு எல்லாவற்றையும் இசைநூலகரே கையால் சேர்க்கிறார். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டிவிட்டுச் சம்பளமில்லாத குமாஸ்தா வேலை பார்க்கும் ஏற்பாடு இது.

ஒலி மேம்படுமா என்பது இன்னொரு கேள்வி. கோப்பில் இருக்கும் எண்களை மாற்றாமல் ஸ்பீக்கர் பக்கம் அனுப்புவதுதான் எந்த நல்ல மென்பொருளுக்கும் வேலை. 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000-உம் அதே எண்களைத்தான் அனுப்புகிறது. சிடியின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தாங்கும். இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், ஐம்பது வயதுக் காதுக்கு அதற்கும் வெகு கீழே. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கவிட்டு நடத்திய சோதனையில், 554 முறைக்கு 276 முறை விடை சரி. காசைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும். இசைநூலகர் இதைப் படித்திருக்கிறார். அவர்களுடைய கேபிள் சரியில்லை என்பது அவர் தீர்ப்பு.

காதுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டுவதில் ரூன் கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறது. பாட்டு ஓடும்போது திரையில் ஒரு சிறு ஒளிப்புள்ளி தெரியும். எதையும் இழக்காமல் ஒலி வந்து சேர்ந்தால் ஊதா. இடையில் ஏதோ குறைந்தால் பச்சை. எம்பி3 போன்ற சுருக்கிய கோப்பு என்றால் மஞ்சள். இசைநூலகர் கண்ணை மூடிப் பாட்டு கேட்பதை விட்டு நாளாயிற்று. மூடினால் ஊதா தெரியாது. விருந்தாளி வந்தாலும் முதலில் விளக்கைக் காட்டிவிட்டுத்தான் பாட்டைக் காட்டுவார். மஞ்சள் எரிந்தால், எஸ். ஜானகியே பாடினாலும் முகம் சுருங்கிவிடும்.

குடும்பத்தார் இந்த நூலகத்தைப் பயன்படுத்தும் விதம் வேறு.

“ஏங்க, அந்த ஜானகி பாட்டைப் போடுங்களேன்.”

“எந்தப் படம்?”

“அதான், மழையில நடந்துக்கிட்டே வருவாங்களே.”

“மழைன்னு டேக் போடலையே. வருஷம் தெரியுமா?”

இவர் எண்பத்திரண்டா எண்பத்திமூன்றா என்று வடிகட்டி, ஒரே பாட்டின் மூன்று பிரதிகளில் எது நல்ல பதிவு என்று ஒப்பிட்டு முடிப்பதற்குள், சமையலறையில் மகளின் கைப்பேசி யூடியூபில் பாட ஆரம்பித்திருக்கும். “இது லாஸிம்மா, சுருக்கின ஒலி” என்று இவர் வாசலில் நின்று சொல்வார். “நல்லாத்தானே இருக்கு” என்று பதில் வரும். மாமியார் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. சரிகம 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டி அவரிடம் இருக்கிறது. ஐயாயிரம் பாட்டு உள்ளேயே உண்டு. குமிழைத் திருகினால் பாடும்.

ஸ்ட்ரீமிங் சேவையோடு நூலகத்தை இணைக்கலாம் என்பது ரூனின் இன்னொரு கவர்ச்சி. ஆனால் அது இணைவது டைடல், கோபுஸ் போன்றவற்றோடு. இந்தியாவில் அவை இரண்டும் முறைப்படி கடை திறக்கவில்லை. கணக்குத் தொடங்க நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சினன் முகவரி தேவைப்படுகிறது. இங்கே தாராளமாகக் கிடைக்கும் ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் அதனுள் வராது. ஆப்பிள் 2021-லேயே கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற ஒலியைத் தரத் தொடங்கிவிட்டது என்பதை இவரிடம் நினைவூட்டுவது நட்புக்கு நல்லதல்ல. 2022-இல் வந்த ரூனின் இரண்டாம் பதிப்பு எந்நேரமும் இணைய இணைப்பு கேட்டது. சொந்த வட்டில் இருக்கும் பாட்டைச் சொந்த வீட்டில் கேட்க இணையம் எதற்கு என்று கொதித்தவர்கள் பழைய பதிப்பிலேயே தங்க நிறுவனம் வழிவிட்டது. இசைநூலகர் கொதித்தார், பிறகு இரண்டாவது பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினார்.

இந்த வகைக்கு எதிரிடையான கிளை ஒன்றுண்டு: இலவசவாதி. லிரியான் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பழைய லாஜிடெக் மீடியா சர்வரை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினியில் ஏற்றி, ஒரு பைசா சந்தா இல்லாமல் வீடு முழுக்கப் பாட விடுவார். பணம் மிச்சம் என்பார். அதை ஓடவைக்கச் செலவான இரவுகளுக்கு அவர் கூலி போடுவதில்லை. இடைப்பட்டவர் ஜேரிவர் என்ற மென்பொருளை ஒரே தவணையில் வாங்கி, அதன் அமைப்புப் பக்கங்களில் வழிதவறி நிற்பார். மூவரும் சந்தித்தால் மூன்று மணி நேரம் பேசுவார்கள். பின்னணியில் பாட்டு இருக்காது, பேச்சுக்கு இடைஞ்சல்.

காசு தகுமா என்ற கேள்விக்கு விடை வகைப்படிதான் அமையும். சொந்தமாக ஆயிரம் தட்டுகளுக்கு மேல் வைத்திருப்பவர், அவற்றில் ஜாஸோ மேற்கத்திய சாஸ்திரிய இசையோ பெரும்பங்கு என்பவர், இரண்டு மூன்று அறைகளில் தினமும் உட்கார்ந்து கேட்பவர்: இவர்களுக்கு ஒரு நாளைக்கு 35 ரூபாய் என்பது அதிகமில்லை. கைப்பேசியில் தேடிக் கேட்டே பழகியவருக்கு மாதச் சந்தா ஸ்ட்ரீமிங்கே போதும். நூலக மென்பொருள் அவருக்கு வீண். சேகரிப்பு முழுவதும் தமிழ்த் திரையிசையும் கர்நாடகமும் என்பவர் காசு கொடுத்து வாங்குவது அழகான காலிக் கட்டங்களை. நிரப்ப வேண்டியது அவரே.

நிரப்புவதாக இருந்தால் எங்கே நிரப்புவது என்பதில் கவனம் வேண்டும். ரூன் கோப்புகளைத் தொடாது. அதனுள் செய்யும் திருத்தங்கள் அதன் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். எம்பி3டேக், மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் போன்ற இலவசக் கருவிகளால் கோப்பிலேயே பெயரையும் ராகத்தையும் எழுதி வைத்தவர், எந்த மென்பொருளிலிருந்தும் எந்த நாளும் வெளியேறலாம். இசைநூலகர் பத்து ஆண்டுத் திருத்தங்களையும் மென்பொருளுக்குள்ளேயே செய்தவர். சந்தா தகுமா என்று அவர் இன்னமும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார். ஆராய்ச்சி முடியும்வரை புதுப்பித்துக்கொண்டும் இருக்கிறார்.